சோதனைக்குப் போகமாட்டேன் என்ற மகனுக்கு

என் யோகேசுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிவிட்டுப் போனை வைத்ததிலிருந்து எனக்கு உன்னோடு சண்டை போட வேண்டும் போலவே இருக்கிறது. போனில் போட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதோடு இங்கே தண்ணீர் டாங்கி மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே நின்று சத்தம் போட்டால் நம் வீட்டுக் கதை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் எல்லாம் சோறு தின்று தூங்குகிறார்கள். தாய்மார்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை எனக்கு நேரம் இருக்கிறது. இடையில் ஏதாவது ஒன்று எழும்பி அழுதால் எழுத்து அறுந்து போகும், நீ பொறுத்துக்கொள். நாளைக்கே தலவாக்கலையில் தபாலில் சேர்த்துவிடுவேன், உன் சோதனைக்கு முன்னால் கையில் கிடைத்துவிடும்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று பார். கொழும்புக் கம்பனியில் நீ இப்போது ஹெல்பர். மற்றவர்கள் வெல்டிங் வைத்து ஒட்டுவதற்கு இரும்பைத் தேய்த்துக் கொடுக்கிறாய். எண்ணெய் போகிற பைப்பை நீயே ஒட்ட வேண்டுமென்றால் அவர்கள் வைக்கிற சோதனையில் சித்தியடைய வேண்டும். முதல் தடவை நீ ஒட்டிக் கொடுத்த துண்டை அறுத்து, மெசினில் வைத்து வளைத்துப் பார்த்தார்கள். அது வெடித்துவிட்டது. அடுத்த கிழமை இரண்டாம் தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், நீ போகப்போவதில்லை. ஹட்டனுக்கே திரும்பி வந்து ரியாஸ் நானாவின் கடையில் பழையபடி ஜன்னல் கம்பி ஒட்டப்போகிறாய். "ஒரு சேர்டிபிக்கட்ட எடுத்து இதுவரைக்கும் நமக்கு என்னாம்மா கெடச்சிச்சு? இன்னொன்ன எடுத்து என்னா செய்யப் போறேன்?" என்று கேட்டாய். நீ அழவில்லை என்று உனக்கு நினைப்பு, ஆனால் உன் மூக்கு உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது.

என்ன கிடைத்தது என்ற கேள்வி நியாயமான கேள்விதான். கிடைக்கும் என்று உன் தலையில் ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருத்தி. நீ வெல்டிங் படிக்கப் போன அந்த வருசம் முழுக்க, இருட்டு விலகுமுன்னே உன்னை எழுப்பி, ரொட்டி கட்டிக் கொடுத்து, பஸ் வரும் வளைவு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டேன். அங்கே பாடமெல்லாம் சிங்களத்தில். நீ திரும்பி வந்து, சேர் கரும்பலகையில் எழுதியதைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டுவாய். எனக்கு விளங்கினால் உனக்கும் விளங்கிவிட்டது என்று அர்த்தமாம். "அம்மா, மேலால அழகா இருக்கிற ஒட்டு எல்லாம் நல்ல ஒட்டு இல்ல, உருகி உள்ளுக்கு எறங்கியிருக்கணும்" என்று நீ சொன்னபோது நான் அடுப்பில் புட்டுக் குழலைப் பார்த்துக்கொண்டு ஊங் கொட்டினேன். அப்படியெல்லாம் படித்து எடுத்த சான்றிதழ் கைக்கு வந்த அன்று நான் தோட்டம் முழுக்கப் போய்ச் சொன்னேன். மறுநாளே பெரிய வேலை வந்து வாசலில் நிற்கும் என்று நினைத்தேன், அவ்வளவு பைத்தியம் எனக்கு.

வந்தது ரியாஸ் நானாவின் கடை. மனுசன் நல்லவர்தான், நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பார், வெள்ளிக்கிழமை சாப்பாடு போடாமல் அனுப்பமாட்டார். ஆனால் சான்றிதழ் இல்லாதவனுக்கு என்ன நாட்சம்பளமோ அதேதான் உனக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் ஹட்டனுக்கு வந்து கடைக்குள்ளேயே நின்று கேட்டேன் அல்லவா, அன்றைக்கு நீ வெட்கத்தில் முகத்துக் கவசத்தைக் கழற்றாமலேயே நின்றாய். அடியில் தெரிந்த அந்தத் தாடையை வைத்து எனக்கு உன்னைத் தெரியாதா என்ன? நானா கோபப்படவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். "தங்கச்சி, புள்ள நல்லா வேல செய்றான், நான் இல்லண்டு சொல்லல்ல. ஆனா கதவு செய்ய வாறவங்க டிசைனப் பாக்குறாங்க, வெலயக் கேக்குறாங்க. இந்தப் புள்ளட சேர்டிபிக்கட்ட ஒருத்தராவது கேட்டிருக்காங்களாண்டு நீங்களே அவன்ட கேட்டுப் பாருங்க" என்றார். நான் உன் பக்கம் திரும்பினேன். கவசம் இல்லையென்று ஆடியது. நான் அவர் வாங்கித் தந்த பிளேன் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஆகவே பணத்தைப் பற்றிக் கேட்டால், ஹட்டனில் அந்தச் சான்றிதழ் உனக்கு எதையும் கூடுதலாகத் தரவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் நீ கேட்டது சம்பளத்தைப் பற்றி மட்டும் இல்லை. உன் குரலில் வேறொன்றும் இருந்தது. அது திருவிழாவுக்கு மறுநாள் அடுப்படியில் நீ என்னிடம் கேட்ட கேள்வி. அன்றைக்கு நான் உனக்குப் பதில் சொல்லாமல் "சாப்பிடு" என்று தட்டை நகர்த்தினேன். எனக்கு அப்போது பதில் தெரியாது. பிறகு தெரிந்தது, ஆனால் நீ கொழும்புக்குப் போய்விட்டாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கேதான் இருந்தாய் என்றாலும் நான் பார்த்தபடி முழுக்கச் சொல்லவிடு. நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றில்லை.

நீ படிக்கப் போன நாளிலேயே உன் அப்பா மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டார், மகன் சான்றிதழ் எடுத்தால் பறவைக் காவடி எடுக்கிறேன் என்று. எனக்குக்கூடச் சொல்லவில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டி மரத்துப்போன முதுகு, கொக்கி குத்தினால் தெரியவா போகிறது என்று பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னார். நீ சித்தியடைந்த செய்தி வந்ததும் விரதம் தொடங்கிவிட்டார். மஞ்சள் வேட்டி, ஒரு வேளைச் சோறு, பாயை விட்டு வெறுந்தரையில் படுக்கை. இந்த மனுசன் ஒரு சிரங்குக்கு மருந்து போடவே கத்துகிறவர், உனக்காக முதுகில் கொக்கி குத்திக்கொண்டு தொங்கப்போகிறார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்தக் காவடிச் சட்டத்தை நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். டிராக்டரின் முன்னால் பூட்டுகிற பெரிய இரும்புச் சட்டம், மேலே இரண்டு கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பைப். அந்தக் கைகளில் கயிறு கட்டி, முதுகிலும் காலிலும் கொக்கி குத்திய ஆளைக் குப்புறத் தொங்கவிட்டு, கோயிலில் இருந்து தோட்டத்தில் இருக்கிற எல்லா லய வீடுகளையும் சுற்றிக் கூட்டிவருவார்கள். சாமியைச் சுமக்கிற சட்டம் என்பதால் அதற்கும் பூசை உண்டு. மஞ்சள் தண்ணீர், பால், இளநீர் எல்லாம் குடம் குடமாக ஊற்றுவார்கள். ஊற்றியதை யாரும் துடைக்கமாட்டோம், சாமிக்கு ஊற்றியதைத் துடைப்பது பாவம் என்று நமக்குப் பழக்கம். திருவிழா முடிந்ததும் ஈரத்தோடு கோயிலுக்குப் பின்னால் சாத்திவிட்டு, அடுத்த பங்குனியில் எடுத்து வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார்கள். நம் மழைக்கும் பனிக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்று நம்மில் ஒருவர்கூட யோசித்ததில்லை. பளபளவென்று இருந்தது, அதனால் நன்றாக இருக்கிறது என்று நினைத்தோம்.

அன்றைக்குக் காலையில் பூசை முடிந்த பிறகுதான் நீ கடையில் லீவு எடுத்து வந்து சேர்ந்தாய். வந்தவன் சாமி கும்பிடுவாய் என்று பார்த்தால் நேரே சட்டத்திடம் போய்த் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாய். இடது பக்கக் கை சட்டத்தோடு சேருகிற இடத்தை விரலால் தடவினாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அப்பா, இந்த ஒட்டு சரியில்ல. மேலால பூசி வச்சிருக்கு, உள்ளுக்கு எறங்கவே இல்ல. இத அறுத்துட்டு நான் திருப்பி ஒட்டித் தாறேன்" என்றாய். பக்கத்தில் நின்ற கோயில் கமிட்டித் தலைவர் நெஞ்சில் கைவைத்துவிட்டார். "பூச வச்ச இரும்புல கிரைண்டர வைக்கிறதா? என்னா பேச்சுப் பேசுற நீ!" என்றார். "சரிங்க, அறுக்க வேணாம். அப்பா கனத்துக்கு ஏதாச்சும் பாரத்தக் கட்டி, ஒருக்கா டிராக்டர ஓட்டிப் பாப்போம்" என்று நீ கேட்டாய். அதற்கும் விடவில்லை. பூசைக்குப் பிறகு அதில் காவடி எடுக்கிறவர் தவிர வேறு எதுவும் தொங்கக் கூடாதாம். "இத்தன வருசம் எத்தன பேரு தொங்கியிருக்காங்க, ஒருத்தருக்கு ஒன்னு ஆகியிருக்கா? ஆத்தா பாத்துக்குவா" என்றார். கூட்டம் கூடிவிட்டது. உறுமிக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் அப்பா உன்னைச் சொன்னதை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியும். "நேத்துப் படிச்சிட்டு வந்து ஆத்தாளுக்கே பாடம் சொல்லிக் குடுக்கிறியா? வெலகிப் போடா" என்றார். அத்தனை பேர் முன்னால். உன் சான்றிதழுக்காகத்தான் அவர் அந்த வேசத்தில் நின்றார், அந்தச் சான்றிதழோடு நீ வாயைத் திறந்ததும் அவருக்கே பொறுக்கவில்லை. அவர் பக்கமும் கொஞ்சம் பார். பட்டினி வயிறு, ஊர் முழுக்கப் பார்க்கிறது, மகன் வந்து சாமி காரியத்தைத் தடுக்கிறான். மனுசனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீயோ நகரவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு டிராக்டர் முன்னால் நின்றாய்.

எனக்கு வெல்டிங் தெரியாது, சாமியோடு வழக்குப் பேசவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நீ சின்னதில் பொய் சொல்லும்போது கண்ணைச் சிமிட்டுவாய், அன்றைக்குச் சிமிட்டவில்லை. சுற்றிப் பார்த்தேன். கோயில் ஓரத்தில் அன்னதானத்துக்கு வந்த அரிசி மூட்டைகள் பொட்டு வைத்து அடுக்கியிருந்தன. "பூசாரிய்யா, அந்த அரிசி யாருக்குங்க?" என்று கேட்டேன். "ஆத்தாளுக்குத்தாம்மா" என்றார். "அப்ப அதுவும் சாமி சாமானுதானுங்களே? எம்புருசனுக்கு முன்னால அந்த அரிசி ஒரு சுத்து காவடி எடுக்கட்டுங்க. இது நான் நேந்துக்கிற நேர்த்தி" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூசாரி அவரைப் பார்க்காமல் அப்பாவின் முதுகைப் பார்த்தார். பிறகு, "நேர்த்தின்னு சொன்னதுக்கப்புறம் தடுக்க நம்ம யாருங்க" என்று சொல்லி, தானே ஒரு வேட்டியைக் கிழித்து மூட்டைகளைக் கட்டத் தொடங்கினார். அந்த மனுசனுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது, பாவம்.

மீதி உனக்குத் தெரியும். கயிற்றில் மூட்டைகள் ஏறின, டிராக்டர் கிளம்பியது, சனம் சிரித்தது. யாரோ அரிசி மூட்டைக்கு அரோகரா போட்டார்கள். கோயில் வாசலில் தண்ணீர் ஓடுகிற காணைத் தாண்டி சக்கரம் இறங்கி ஏறியதும் ஒரு குலுக்கல். வலது பக்கக் கை அப்படியே மடிந்து முறிந்தது. மூட்டை தரையில் அடித்து வாய் பிளந்து அரிசி எல்லாம் சேற்றில் கொட்டியது. முறிந்த பைப்புக்குள் இருந்து துருவும் தண்ணீருமாக ஒழுகியது. புளித்த பால் நாற்றம். அப்பா மட்டும் மெதுவாக வந்து, விழுந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மண்டி போட்டு உட்கார்ந்து, மஞ்சள் வேட்டியை விரித்து, சேறு படாத அரிசியைக் கையால் அள்ளிப் போட ஆரம்பித்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வருசம் அவர் பால் காவடியைத் தோளில் வைத்து நடந்தே சுற்றிவந்தார்.

அன்று முழுக்க உன்னை எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். தலைவர்கூட வந்து உன் தோளில் கைவைத்து "எஞ்சினியர் தம்பி" என்றார். நீ ஒரு வாய் அன்னதானம் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், அப்பா வேலைக்குப் போன பிறகு, அடுப்படியில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னாய். "அம்மா, நான் காட்டினது இடது பக்கத்து ஒட்டு. அது அப்புடியேதான் இருக்கு, ஒன்னும் ஆகல. முறிஞ்சது வலது பக்கம், ஒட்டே இல்லாத எடத்துல. பைப்பு உள்ளுக்குள்ள இருந்து துருப்பிடிச்சுத் தின்னு போயிருக்கு. நான் அதப் பாக்கவே இல்லம்மா. சனம் எல்லாம் நான் கண்டுபிடிச்சேன்னு நெனக்குது. அப்ப நான் படிச்சது என்னா?" அதற்குத்தான் நான் "சாப்பிடு" என்றேன். கொழும்பில் துண்டு வெடித்ததும் உனக்குள் அந்தக் கேள்வி திரும்ப எழும்பியிருக்கிறது. உனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தவன் மாதிரி வேசம் போடுகிறாய் என்று உன்னை நீயே நம்ப வைத்திருக்கிறாய்.

இப்போது என் பதிலைக் கேள். அன்றைக்கு அந்தக் கோயில் வாசலில் இரும்பைப் பற்றிச் சரியாகத் தெரிந்தவர் யாருமே இல்லை. உனக்கும் பாதிதான் தெரிந்தது. ஆனால் எங்களில் ஒருவருக்கும் வராத ஒரு எண்ணம் உனக்கு வந்தது. ஆளைத் தொங்கவிடுவதற்கு முன்னால் பாரத்தைத் தொங்கவிட்டுப் பார்ப்போம் என்று கேட்டாய். அது உன் மூளையில் தானாக முளைத்ததா? நீயும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன்தான், படிக்கப் போகுமுன் நீயும் அந்தச் சட்டத்துக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தவன்தான். உன் சேர் ஒரு வருசம் உன்னை ஒட்ட வைத்து, ஒட்டியதை உடைக்க வைத்து, மறுபடியும் ஒட்ட வைத்தார் என்று சொல்லுவாயே, உடைக்கும்போது மனசு வலிக்குதும்மா என்பாயே, அங்கேதான் அது உனக்குள் போயிருக்கிறது. நீ காட்டிய இடம் பிழையாக இருக்கட்டும். நீ கேட்டது சரி. நீ கேட்காமல் இருந்திருந்தால் அந்தக் காணில் விழுந்து கிடந்திருப்பது அரிசி இல்லை தம்பி. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

இதோ ஒன்று எழும்பிவிட்டது. ஆட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்? உன் துண்டு வெடித்ததைப் பற்றிச் சொல்ல வந்தேன். அவர்கள் உன் துண்டை வளைத்தது உன்னை அவமானப்படுத்துவதற்கு என்று நினைக்கிறாய். நீ அன்றைக்குக் கேட்டதைத்தான் அவர்கள் செய்திருக்கிறார்கள். நாங்கள் மூட்டையைக் கட்டிப் பார்த்தோம், அவர்கள் மெசினில் வளைத்துப் பார்த்தார்கள். வெடித்தது ஒரு துண்டு இரும்பு. அதே ஒட்டு பைப்பில் போய், உள்ளே எண்ணெய் ஓடும்போது வெடித்திருந்தால்? அந்தப் பைப்புக்குக் கீழே வேலை செய்கிறவனுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள். தோற்றாலும் நீ நல்ல இடத்தில்தான் தோற்றிருக்கிறாய். யாருக்கும் அடிபடவில்லை. கோயிலில் தலைவர் மாதிரி அந்தக் கம்பனியிலும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தால் உனக்குச் சந்தோசமாக இருந்திருக்குமா?

இன்னொரு விசயம். துண்டு வெடித்தது என்று சொன்னாய், எந்த இடத்தில் வெடித்தது என்று சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தாயா? எனக்கு உன்னைத் தெரியும், தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்திருப்பாய். போய் அந்தத் துண்டைக் கேள். அடியிலா, ஓரத்திலா, தொடங்கின இடத்திலா, முடித்த இடத்திலா என்று பார். சட்டத்தின் முறிந்த பைப்பை நீ எவ்வளவு நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய், அதே மாதிரி உன்னுடையதையும் பார். உன்னோடு வேலை செய்கிற அந்தப் பெரிய வெல்டர், சிங்கள அண்ணன், தானும் முதலில் தோற்றவர்தான் என்று சொல்லி, வேலை முடிந்த பிறகு பழக்கித் தருகிறேன் என்றாராமே. "ஆயெத் கரமு மல்லி" என்று சொன்னார் என்றாய். திரும்பவும் செய்வோம் தம்பி என்று ஒரு மனுசன் தன் நேரத்தைத் தருகிறான், நீ அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் சுற்றுகிறாய். இது சரியில்லை. கடிதம் கிடைத்த உடனே போய் அவர் பக்கத்தில் நில். உன் ரூமில் இருக்கிற பையன், காசு கொடுத்தால் சித்தியடைந்ததாக எவனோ எழுதித் தருவான் என்று சொன்னதையும் நீ சொன்னாய். அதைப் பற்றி நான் ஒன்றும் பேசமாட்டேன். வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பலன் உண்டா இல்லையா என்று கணக்குப் போட்டே ஆகவேண்டும் என்றால் இதையும் சேர்த்துப் போடு. ஹட்டனில் யாரும் உன் சான்றிதழைக் கேட்கவில்லை, அதனால் அங்கே அதற்கு விலையும் இல்லை. இந்தக் கம்பனி கேட்டது. அதைப் பார்த்துத்தான் ஹெல்பராகவாவது உள்ளே விட்டார்கள், இல்லையென்றால் வாசல் கேட்டோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நீதானே சொன்னாய். அடுத்ததில் நீ சித்தியடைந்தால் பைப் வேலை, அதற்கு வேறு சம்பளம். சித்தியடையாவிட்டால் இல்லை. உத்தரவாதமெல்லாம் என்னால் தரமுடியாது, எல்லாம் கிடைக்கும் என்று முன்பு ஒருமுறை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். கேட்கிற இடத்தில் நின்றுகொண்டு, கேட்காத இடத்துக்குத் திரும்பி ஓடாதே என்று மட்டும் சொல்கிறேன். நானாவின் கடை எங்கேயும் போகாது. போன கிழமை டவுனில் பார்த்தபோதும் உன்னை விசாரித்தார். "புள்ள வந்தா எடம் ஈக்குது, ஆனா வராம இருந்தா இன்னும் சந்தோசம்" என்றார். ஜன்னல் கம்பி ஒட்டுவது கேவலமான வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆசைப்பட்டு அதைச் செய்ய வந்தால் உனக்கு நானே சோறு கட்டித் தருவேன். பயந்து ஓடிவந்து செய்தால் அந்தக் கடையில் ஒவ்வொரு நாளும் உனக்குக் கசக்கும், அதைத்தான் என்னால் பார்க்கமுடியாது.

கடைசியாக அப்பா. நீ பேசிவிட்டு வைத்ததும் மேட்டில் இருந்து இறங்கி வந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "என்னாவாம்?" என்றார். சொன்னேன். திட்டப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "தோத்துட்டானாமா?" என்றார். "ஆமாங்க, வெக்கமா இருக்காம், இனிமே போகமாட்டானாம்" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவர் உன்னிடம் நேரில் சொல்லமாட்டார். "நானும்தான் அன்னைக்கு அத்தன சனம் முன்னால தோத்தேன். எம்மகன்கிட்டயே தோத்தேன். கீழ உக்காந்து அரிசி பொறுக்கறப்ப எனக்கு எவ்வளவு வெக்கம் தெரியுமா? ஆனா நான் வீட்டுக்கு நடந்து வந்தேன்ல? அவனையும் போயித் தோத்துட்டு நடந்து வரச் சொல்லு." இவ்வளவுதான். சொல்லிவிட்டு எழும்பி மூஞ்சியைக் கழுவப் போய்விட்டார். உன்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் என்று எனக்குப் பட்டது. வேறு மாதிரி கேட்க அந்த மனுசனுக்குத் தெரியாது.

தாய்மார்கள் வருகிற சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். தம்பி, நீ சித்தியடைய வேண்டும் என்று எனக்கு ஆசைதான், இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் இந்தத் தடவையும் அந்தத் துண்டு வெடித்தால், அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வா. எங்கே வெடித்தது என்று எனக்குக் காட்டு, நான் ஊங் கொட்டிக்கொண்டு கேட்கிறேன். சோதனைக்குப் போகாமல் மட்டும் என் வாசலுக்கு வந்து நிற்காதே.

உன் அம்மா